குதிரைக்கு அடிபட்டா என்ன பண்றது: முதல் மணி நேரத்துல இருந்து திரும்ப ஏறுற நாள் வரைக்கும் முழு வழிகாட்டி

குதிரை வளர்த்தா என்னைக்காவது ஒரு நாள் இது நடக்கத்தான் போகுது. அரை டன் எடையை நாலு மெல்லிசான கால்ல தாங்கிட்டு, ஒரு பிளாஸ்டிக் கவர் பறந்தாலே மிரண்டு ஓடற ஜீவன் அது, அடிபடாம இருந்தாதான் ஆச்சரியம். முதலுதவிக்கு ஓடறதுக்கு எல்லாருக்கும் தெரியும், அன்னைக்கு பயத்துலயே பாதி வேலை நடந்துரும். என்னைக் கேட்டா அடிபட்ட நாளை விட ரெண்டு மூணு மாசம் கழிச்சு "நல்லாயிடுச்சு போலயே"ன்னு தோணுற நாள்தான் ஆபத்து. அதனால இதுல அந்த நடுக்காலத்தைப் பத்திதான் நிறைய பேசப்போறேன், மத்ததெல்லாம் தேவையான அளவுக்கு.

படி 1: ஒண்ணும் ஆகாத நாள்லயே இதை எழுதி வைங்க

உங்க குதிரையோட நார்மல் என்னன்னு தெரியாம அப்நார்மலை கண்டுபிடிக்க முடியாது. வளர்ந்த குதிரைக்கு சும்மா நிக்கும்போது உடம்பு சூடு 37.2ல இருந்து 38.3 டிகிரி செல்சியஸ், நாடி நிமிஷத்துக்கு 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16. ஈறை விரலால அழுத்தி விட்டா வெளுத்த இடம் 2 செகண்டுக்குள்ள திரும்ப சிவக்கணும். ஆனா இது பொதுவான கணக்கு, சில குதிரைக்கு எப்பவுமே நாடி 30தான் இருக்கும், அதுக்கு 48 வந்தா அது பெரிய விஷயம். நாலஞ்சு நாள் அமைதியா இருக்கற நேரத்துல எண்ணி லாயத்து சுவத்துலயே எழுதி ஒட்டிடுங்க.

குளம்புக்கு மேல இருக்கற அந்த உருண்டை மூட்டு, ஃபெட்லாக்னு சொல்லுவாங்க, அதுக்குப் பின்னாடி ரெண்டு பக்கமும் விரலை வச்சா ஒரு நாடி கிடைக்கும். ஆரோக்கியமான குதிரைக்கு அது லேசுல கிடைக்காது, தேடித்தேடி பார்க்கணும். அது டம் டம்னு தெளிவா அடிச்சா குளம்புக்குள்ள ஏதோ பிரச்சனை. இதை நல்லா இருக்கற நாள்ல பழகி வச்சாதான் பிரச்சனை வந்த அன்னைக்கு வித்தியாசம் கைக்கு தெரியும்.

எடையும் தெரிஞ்சு வச்சுக்கோங்க, மருந்து அளவு அதை வச்சுதான். மெஷின் இல்லன்னா மார்பு சுத்தளவை சென்டிமீட்டர்ல எடுத்து அதை அதாலயே பெருக்கி, அதோட தோள் முனைல இருந்து பின்பக்க எலும்பு முனை வரைக்கும் உள்ள நீளத்தையும் பெருக்கி, 11,880ஆல வகுத்தா கிலோ கணக்கு ஓரளவுக்கு சரியா வரும்.

வண்டில ஏத்தற பழக்கமும் இப்பவே குடுக்கணும். வலில துடிக்கற குதிரையை ராத்திரில முதல் தடவையா ட்ரெய்லர்ல ஏத்தறதெல்லாம் யாருக்கும் வேண்டாத வேலை.

படி 2: முதல் ஒரு மணி நேரம்

முதல்ல நீங்க பத்திரமா இருக்கணும். எவ்வளவு பாசமான குதிரையா இருந்தாலும் வலி வந்தா உதைக்கும், கடிக்கும், மேல விழும். ஹெல்மெட் போட்டுட்டு, ஒருத்தர் தலைக்கயிறை பிடிச்சுக்க, இன்னொருத்தர் காயத்தைப் பார்க்கணும், ரெண்டு பேரும் ஒரே பக்கமா நில்லுங்க.

ரத்தம் வந்தா சுத்தமான துணியை வச்சு நல்லா அழுத்துங்க, நின்னுடுச்சான்னு நிமிஷத்துக்கு ஒரு தடவை தூக்கிப் பார்க்காதீங்க, நனைஞ்சா அது மேலயே இன்னொரு துணி. 500 கிலோ குதிரைக்கு ஏறக்குறைய 40 லிட்டர் ரத்தம் இருக்கு, தரையெல்லாம் சிவப்பா இருந்தாலும் உடனே உசுருக்கு ஆபத்துன்னு அர்த்தம் இல்ல, பதறாதீங்க. பீச்சி அடிச்சா மட்டும் கையை எடுக்கவே கூடாது. ரத்தம் நின்னப்புறம் ஒரு லிட்டர் கொதிக்க வச்சு ஆறின தண்ணில 9 கிராம் உப்பு போட்டு அதால கழுவலாம். டாக்டர் பார்க்கற வரைக்கும் கலர் ஸ்ப்ரே, பவுடர், எண்ணெய், ஹைட்ரஜன் பெராக்சைடு எதுவும் வேண்டாம், தையல் போடவேண்டிய காயத்துல அதெல்லாம் போட்டா டாக்டருக்குதான் தலைவலி.

காயத்தோட சைஸை நம்பாதீங்க. தோள்ல ஒரு அடி நீளத்துக்கு கிழிஞ்சது பார்க்க கொடூரமா இருக்கும், ஆனா பெரும்பாலும் ஆறிடும். முழங்கால் கிட்டயோ ஃபெட்லாக் கிட்டயோ ஒரு பட்டாணி சைஸ்ல குத்தின ஓட்டை இருந்தா அதுதான் அவசரம், மூட்டுக்குள்ள கிருமி போயிடுச்சுன்னா மணிக்கணக்குல நிலைமை மாறும். குளம்பு அடில ஆணி ஏறியிருந்தா பிடுங்கணும்னு கை துறுதுறுங்கும், முடிஞ்சா பிடுங்காம விடுங்க, ஆணி இருக்கும்போதே எக்ஸ்ரே எடுத்தாதான் எந்தப் பக்கம் எவ்வளவு ஆழம் போயிருக்குன்னு தெரியும். அது இன்னும் உள்ள போகாம சுத்தி கட்டை, துணி வச்சு கட்டிட்டு நடக்க விடாம வைங்க. குதிரைங்களுக்கு டெட்டனஸ் ரொம்ப சுலபமா வரும், கடைசியா ஊசி எப்பன்னு டாக்டர் கேட்கறதுக்கு முன்னாடியே சொல்லுங்க.

வலி மருந்து வீட்ல இருந்தாலும் போன்ல கேட்டுட்டுதான் குடுக்கணும். பியூட், ஃப்ளுனிக்சின்ங்கற ரெண்டு வலி மருந்தையும் ஒண்ணா குடுத்தா வலி ரெண்டு மடங்கு குறையாது, வயித்துப் புண்ணும் கிட்னி பிரச்சனையும்தான் கூடும். ஃப்ளுனிக்சினை சதைல ஊசியா போடறது சிலர் பழக்கம், அதனால சதை அழுகி உயிரே போன குதிரைங்க உண்டு, அந்த வேலை வேண்டவே வேண்டாம்.

கால்ல அடி இல்ல, ஆனா தரையை கீறுது, வயித்தை திரும்பித் திரும்பி பார்க்குது, படுத்து உருளுதுன்னா கோலிக், அதாவது வயித்து வலி. தீனியை எடுத்துட்டு டாக்டருக்கு போன். குதிரைக்கு வாந்தி எடுக்கவே வராது, அதனால உள்ள போனது வெளிய வர ஒரே வழிதான், காத்திருந்து பார்க்கலாம்ங்கற பேச்சே கிடையாது. கண்ணு மூடிட்டு தண்ணி கொட்டினாலும் அதே மாதிரி உடனே கூப்பிடணும், பழைய கண் சொட்டு மருந்தை எடுத்து விட்டுறாதீங்க, அதுல ஸ்டீராய்டு இருந்து கண்ணுல புண்ணும் இருந்தா பார்வையே போயிடும்.

படி 3: என்ன ஆச்சுன்னு சரியா தெரிஞ்சுக்கறது

இங்கதான் ஒரு விசித்திரம். குளம்புக்குள்ள சீழ் கட்டியிருந்தா குதிரை காலையே தரைல வைக்காது, எலும்பு முறிஞ்சிடுச்சுன்னே நினைப்போம், லாடம் அடிக்கறவரோ டாக்டரோ வந்து சின்னதா வழி பண்ணி சீழை இறக்கி, எப்சம் உப்பு கட்டு போட்டு விட்டா கொஞ்ச நாள்ல ஓட ஆரம்பிச்சுரும். டெண்டன், அதாவது தசையை எலும்போட இணைக்கற நார், கிழிஞ்ச குதிரையோ லேசா நொண்டும், சில சமயம் நொண்டவே நொண்டாது, காலுக்குப் பின்னாடி கொஞ்சம் வீக்கம், கொஞ்சம் சூடு, அவ்வளவுதான், ஆனா அது ஒரு வருஷ வேலை. நொண்டுற அளவை வச்சு காயத்தோட அளவை முடிவு பண்ணவே முடியாது.

டெண்டன்னு சந்தேகம் வந்தா அல்ட்ராசவுண்ட் எடுக்கணும். முதல் நாள் எடுத்த ஸ்கேன்ல பாதிப்பு முழுசா தெரியாம போகலாம், ஒரு வாரம் பத்து நாள் கழிச்சு திரும்ப எடுக்கச் சொன்னா பணம் பிடுங்கறாங்கன்னு நினைக்காதீங்க. டாக்டர் சொல்றது அந்தப் பதட்டத்துல பாதி காதுலயே ஏறாது, அதனால போன்ல ரெக்கார்ட் பண்ணிக்கலாமான்னு கேட்டுட்டு பண்ணிக்கோங்க. கேட்க வேண்டியது: எந்த இடம், எவ்வளவு பெருசு, அடுத்த ஸ்கேன் எப்ப, என்ன மாறினா உங்களுக்கு உடனே போன் பண்ணணும், முன்னாடி செஞ்ச வேலைக்கே திரும்ப வர வாய்ப்பு எப்படி. கடைசி கேள்விக்கு நேர் பதில் வராம இழுத்தாங்கன்னா, "இது உங்க குதிரையா இருந்தா என்ன பண்ணுவீங்க"ன்னு கேளுங்க.

படி 4: லாயத்துலயே அடைச்சு வைக்கற காலம்

ரெஸ்ட்னு சொன்ன உடனே தானியத்தை குறைங்க, உடம்பு அசையாம அவ்வளவு எனர்ஜி உள்ள போனா அது உங்க மேலதான் வெடிக்கும். காஞ்ச புல்லை குறைக்காதீங்க, உடம்பு எடைல 1.5ல இருந்து 2 சதவீதம், 500 கிலோ குதிரைக்கு ஏழரை முதல் பத்து கிலோ, அதை சின்ன ஓட்டை உள்ள வலைல ரெண்டு மூணு இடத்துல தொங்க விட்டா நாள் பூரா மேஞ்சிட்டே இருக்கும். வயிறு காலியா கிடந்தா அல்சர் வரும். இன்னொரு குதிரை கண்ணுக்கு தெரியற மாதிரி இடம் குடுங்க, தனியா அடைபட்ட குதிரை சுத்திச் சுத்தி நடந்தே காலை கெடுத்துக்கும்.

லத்தியை எண்ணுங்க. சிரிக்காதீங்க, நிஜமாத்தான். சாதாரணமா ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை போடும். தினம் ஓடிட்டு இருந்த குதிரை திடீர்னு நின்னா குடல் மந்தமாகி அடைச்சுக்கும், எண்ணிக்கை பாதியாச்சுன்னா, உருண்டை சின்னதா காஞ்சு வந்துச்சுன்னா கோலிக் வர்றதுக்கு முன்னாடியே நமக்கு தகவல் வந்துருச்சுன்னு அர்த்தம். தண்ணி எவ்வளவு குடிக்குதுன்னும் பாருங்க, பக்கெட்ல வச்சா கணக்கு தெரியும்.

அடிபடாத காலையும் கவனிக்கணும், இதை நிறைய பேர் விட்டுடறாங்க. ஒரு கால் வலிச்சா எதிர்கால் முழு எடையும் தாங்கி, அந்தக் குளம்புல லெமினைட்டிஸ் வரும், அதாவது குளம்புக்குள்ள எலும்பைப் பிடிச்சிருக்கற திசு வீங்கிக் கெட்டுப் போகும். பார்பாரோ 2006ல அமெரிக்காவுல கென்டக்கி டெர்பி ரேஸ் ஜெயிச்ச குதிரை, ரெண்டு வாரத்துல ப்ரீக்னஸ் ரேஸ்ல வலது பின்னங்கால் உடைஞ்சுது, ஆபரேஷன் நல்லபடியா நடந்து எலும்பு கூடிட்டு வந்தப்போ இடது பின்னங்குளம்புல லெமினைட்டிஸ் வந்து, கடைசில 2007 ஜனவரில கருணைக்கொலை பண்ண வேண்டியதாச்சு. அவ்வளவு பெரிய டாக்டர்கள் கூடவே இருந்தும் இந்தக் கதி. அதனால தினம் எதிர்கால் நாடியை பிடிச்சுப் பாருங்க, படுக்கை கனமா போடுங்க, எதிர்குளம்புக்கு சப்போர்ட் வேணுமான்னு டாக்டர்கிட்டயும் லாடம் அடிக்கறவர்கிட்டயும் கேளுங்க.

கட்டு போடறதுல ஒரே விஷயம் சொல்றேன், சுருக்கம் இல்லாம, கனமான பஞ்சு வச்சு, எல்லா இடத்துலயும் ஒரே இறுக்கமா இருக்கணும். தப்பா போட்ட கட்டே டெண்டனை கெடுக்கும். முழங்காலுக்கு கீழ சதையே கிடையாது, தோலும் எலும்பும் டெண்டனும்தான், அதனால அங்க காயம் மெதுவாத்தான் ஆறும், நடுவுல தோலை விட மேல சிவப்பா சதை பொங்கி வளர்ந்தா டாக்டர்கிட்ட காட்டி வெட்டி எடுக்கணும், எரிக்கற பொடியெல்லாம் நீங்களா போடாதீங்க.

படி 5: "நல்லாயிடுச்சு" மாதிரி தெரியற மாசங்கள்

சரி, இதுதான் முக்கியமான பகுதி. டெண்டன் அடிபட்டு சில வாரத்துல வீக்கம் போயிடும், நொண்டல் போயிடும், குதிரை லாயத்துக்குள்ளயே துள்ளும், பார்க்கறவன் எல்லாம் "ஏன் இன்னும் கட்டி வச்சிருக்கீங்க"ன்னு கேட்பான். உள்ள என்ன நடக்குதுன்னா, கிழிஞ்ச இடத்தை உடம்பு அவசரத்துக்கு ஒரு பலவீனமான நாரை வச்சு தாறுமாறா அடைச்சு வச்சிருக்கு, பழைய புடவைக்கு ஒட்டுப் போட்ட மாதிரி. அது பலமான நாரா மாறி நேர் வரிசைல அடுக்கி நிக்க பல மாசம், ஒரு வருஷம் கூட ஆகும். அதுக்கு முன்னாடி ஒரு பாய்ச்சல் பாய்ஞ்சா ஒட்டும் போச்சு, பக்கத்துல நல்லா இருந்ததும் போச்சு. அதே சமயம் அசையாமலே வச்சிருந்தாலும் நார் வரிசைக்கு வராது, அளவா எடை விழுந்தாதான் எந்தத் திசைல அடுக்கணும்னு அதுக்குத் தெரியும். அதனாலதான் நடை.

பொதுவா திட்டம் இப்படி இருக்கும், உங்க டாக்டர் சொல்றது வேறயா இருந்தா அதுதான் சரி: முதல்ல கைல பிடிச்சு நாளைக்கு 5 முதல் 10 நிமிஷ நடை, கொஞ்சம் கொஞ்சமா கூட்டி ரெண்டு மூணு மாசத்துல அரை மணி நேரம், முக்கால் மணி நேரம். ஸ்கேன்ல சரின்னு வந்தாதான் ட்ராட், அதாவது மெதுவான ஓட்டம், அதுவும் 5 நிமிஷத்துல ஆரம்பிச்சு. அதை விட வேகமான கேன்டர் அதுக்கும் பல மாசம் கழிச்சு, முழு வேலை 9 முதல் 12 மாசம். ஒவ்வொரு படிக்கு முன்னாடியும் ஸ்கேன். தரை கெட்டியா சமமா இருக்கட்டும், நேர் கோட்டுல நடத்துங்க, ஆழமான மணலும் சின்ன வட்டமும் கடைசிக்கு.

தினம் காலைல, நடத்தறதுக்கு முன்னாடி, கால் காஞ்சு இருக்கும்போது தடவிப் பாருங்க. முழங்காலுக்கு கீழ பின்பக்கமா உள்ளங்கையை வச்சு மெதுவா கீழ இறக்கணும், முதல்ல நல்ல கால், அப்புறம் அடிபட்ட கால், திரும்பவும் நல்ல கால். சூடு வித்தியாசம் அப்பதான் தெரியும். அப்புறம் காலை மடக்கி தூக்கிப் பிடிச்சு, தளர்ந்து தொங்கற டெண்டனை கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல மேல இருந்து கீழ அழுத்திட்டே வாங்க, ஒரு இடத்துல வெடுக்குனு காலை இழுத்தா அந்த இடத்தை குறிச்சு வைங்க, அடுத்த நாளும் அங்கயே இழுக்குதான்னு பாருங்க. நேத்து வேலை அதிகமா இல்லையான்னு இன்னைக்கு காலைலதான் தெரியும்.

இனி நடை. மூணு வாரம் அடைபட்ட குதிரையை வெளிய கொண்டு போனா அது பட்டம் மாதிரி மேல போகும், கைல இருக்கறது கயிறு மட்டும்தான். ஹெல்மெட், கையுறை, நீளமான கயிறு, வெறும் தலைக்கயிறுக்கு பதிலா கடிவாளம். தீனி தின்னு முடிச்சு மந்தமா இருக்கற நேரம், காத்து அடிக்காத நேரம், சாதுவான இன்னொரு குதிரை முன்னாடி போனா இன்னும் நல்லது. அப்படியும் ரெண்டு கால்ல நிக்குதுன்னா லேசான மயக்க மருந்து கேளுங்க. ஒரு துள்ளல்ல நாலு மாச வேலை போறதுக்கு மருந்து எவ்வளவோ மேல், இதுல கௌரவம் பார்க்க ஒண்ணுமே இல்ல. முதல் தடவை அவுத்து விடறப்பவும் அதே மாதிரிதான், பெரிய மைதானம் வேண்டாம், சின்ன அடைப்பு, கொஞ்சம் பசியோட, கீழ நல்ல புல்லு இருக்கற மாதிரி விட்டா ஓடறதுக்கு பதிலா மேயும்.

படி 6: திரும்ப சறுக்கினா

சறுக்கும். ஆறாவது மாசம் காலைல கை வச்சா சூடு. அன்னைக்கு நடை நிறுத்தம், குளிர்ந்த தண்ணி 20 நிமிஷம், டாக்டருக்கு போன். பெரும்பாலும் முதல்ல இருந்து ஆரம்பிக்கச் சொல்லமாட்டாங்க, முந்தின படிக்கு போய் கொஞ்ச வாரம் அங்கயே இருக்கச் சொல்லுவாங்க. ஒரு மட்டமான நாளையும், வாரக்கணக்கா கீழ போறதையும் பிரிச்சுப் பார்க்க டைரி வேணும்: எத்தனை நிமிஷம், எந்தத் தரை, மறுநாள் சூடு, வீக்கம், மூட். ஒரே இடத்துல நின்னு வாரா வாரம் ஒரு போட்டோ. மனசு எப்பவும் ஒண்ணு "எல்லாம் முடிஞ்சுது"ங்கும், இல்ல "இன்னைக்கே ஏறிடலாம்"ங்கும், டைரிதான் நிதானமா பேசும்.

படி 7: பணமும் அட்வைஸ் பண்றவங்களும்

எவ்வளவு வரைக்கும் செலவு பண்ண முடியும், கோலிக் ஆபரேஷன் வரைக்கும் போவீங்களா மாட்டீங்களா, இதை வீட்ல பேசி முன்னாடியே முடிவு பண்ணுங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு ஆஸ்பத்திரி வாசல்ல எடுக்கற முடிவு நல்ல முடிவா இருக்கறது அபூர்வம். வரம்பு வைக்கறது பாசம் கம்மின்னு அர்த்தம் இல்ல. இன்சூரன்ஸ் இருந்தா அடிபட்ட அன்னைக்கே சொல்லிடுங்க, நிறைய பாலிசில ஆபரேஷனுக்கும் கருணைக்கொலைக்கும் முன்னாடியே தெரிவிக்கணும்னு ஷரத்து இருக்கும்.

அட்வைஸ் பண்ண ஆள் வருவாங்க, ஆளுக்கு ஒரு களிம்பு. "டாக்டர்கிட்ட கேட்டு சொல்றேன்"னு சொன்னா பேச்சு முடிஞ்சுது.

படி 8: உங்க மனசு

நான் அன்னைக்கு ஏறாம இருந்திருந்தா, அந்த வேலியை சரி பண்ணியிருந்தா... இது எல்லார் தலைலயும் ஓடும். ஒரு தடவை உக்காந்து, என்ன மாத்தலாமோ அதை எழுதி, மாத்திட்டு நகருங்க, வேலிதான்னா வேலியை சரி பண்ணுங்க. அதுக்கு மேல தினம் அதையே அரைச்சா குதிரைக்கு பிரயோஜனம் இல்ல. தூக்கம், சாப்பாடு கெட்டு வாரக்கணக்கா இழுத்தா நீங்களும் ஒரு டாக்டரைப் பாருங்க. சவாரிக்கு ஒதுக்கின நேரத்தை காலியா விடாதீங்க, லாயத்துக்குள்ளயே கழுத்து நீட்ட, ஒரு பொருளை மூக்கால தொட, ஒரு அடி பின்னாடி போகன்னு சின்னச் சின்னதா பழக்கலாம், அடைபட்ட குதிரைக்கும் அது ஒரு பொழுதுபோக்கு. அடுத்தவங்க குதிரைல ஏறினா துரோகம் பண்ற மாதிரி இருக்கும், இருந்தாலும் ஏறுங்க, உங்க உடம்பு ஃபிட்டா இருந்தாதான் நாளைக்கு உங்க குதிரை முதுகுல பாரமா உக்கார மாட்டீங்க.

படி 9: பழைய வேலைக்கு வராதுன்னு தெரிஞ்சா

சவாரிக்கு ஆகாதுன்னா வாழவே ஆகாதுன்னு இல்ல, மேய்ச்சல்ல வலியில்லாம நடந்துட்டு பல வருஷம் இருக்கலாம், அதுக்கும் குளம்பு, பல், தடுப்பூசி செலவு அப்படியேதான் இருக்கும், அதையும் கணக்குல வைங்க. வேற யாருக்காவது குடுக்கறதா இருந்தா காயத்தை மறைக்காம ரிப்போர்ட்டோட குடுங்க, இல்லன்னா அவங்க ஏறி ஓட்டி திரும்ப கிழிச்சுடுவாங்க.

வலியே அடங்கலன்னா என்ன பண்றது? படுத்தா எழுந்திரிக்க முடியுதா, தீனில ஆசை இருக்கா, மத்த குதிரைங்க கிட்ட போகுதா, மருந்து இல்லாம எத்தனை மணி நேரம் நிம்மதியா நிக்குது, இதை காலண்டர்ல நல்ல நாள் கெட்ட நாள்னு குறிச்சுட்டு வாங்க. கெட்ட நாள் அதிகமாயிட்டே போனா டாக்டர் கூட உக்காந்து கருணைக்கொலைக்கு தேதி குறிக்கறது, ராத்திரில அவசரத்துல முடிக்கறதை விட குதிரைக்கு நல்லது. பக்கத்துல நிக்கணும்னு கட்டாயம் இல்ல, நின்னா அது சட்டுனு கனமா விழும்ங்கறதை முன்னாடியே தெரிஞ்சுட்டு டாக்டர் சொல்ற இடத்துல நில்லுங்க. ஊசி மருந்து உடம்புலயே தங்கும், அதைத் தின்ற நாய், கழுகு எல்லாம் சாகும், அதனால புதைக்கவோ எரிக்கவோ ஏற்பாடும் அங்க என்ன சட்டம்னும் அதுக்கு முன்னாடியே விசாரிக்கணும். கூட இருந்த குதிரைக்கு கொஞ்ச நேரம் அதைப் பார்க்க விடுங்க, அப்புறம் சில நாள் அது ஒழுங்கா தின்னுதான்னு கவனிங்க.

படி 10: அடிபட்டது நீங்களா இருந்தா

தலைல அடின்னா "உடனே திரும்ப ஏறு, இல்லன்னா பயம் வந்துரும்"ங்கற பேச்சை கேட்காதீங்க. தலைவலி, குமட்டல், மறதி, வெளிச்சம் கூசறது எதுவா இருந்தாலும் அன்னைக்கு இறங்கினா இறங்கினதுதான், டாக்டர் ஓகே சொல்ற வரைக்கும் சவாரி இல்ல. அந்த ஹெல்மெட்டை தூக்கிப் போடுங்க, வெளிய கீறலே இல்லன்னாலும் உள்ள நசுங்கி இருக்கும். பிரிட்டன் சவாரி வீரர் நிக் ஸ்கெல்டன் 2000ல கழுத்து உடைஞ்சு ரிட்டயர்டே ஆனவர், திரும்பி வந்து 2016 ரியோ ஒலிம்பிக்ஸ்ல 58 வயசுல பிக் ஸ்டார்ங்கற குதிரைல தனிநபர் தங்கம் வாங்கினார், அந்தக் குதிரையும் நடுவுல அடிபட்டு நீண்ட நாள் உக்காந்ததுதான். ஆனா அவர் திரும்ப வந்தது அவசரப்பட்டு இல்ல.

பயம் வந்தா ஒண்ணும் தப்பில்ல, தரைல குதிரை கூட நடக்கறதுல ஆரம்பிச்சு, யாராவது கயிறு பிடிச்சுக்க நடை மட்டும், அப்புறம் ட்ராட்னு குதிரைக்கு போட்ட திட்டத்தையே உங்களுக்கும் போட்டுக்கலாம். நீங்க ஆஸ்பத்திரில இருக்கும்போது குதிரையை யார் பார்ப்பாங்கன்னு இப்பவே ஒருத்தர்கிட்ட பேசி வைங்க. லாயத்துக் கதவுல ஒரு பேப்பர் ஒட்டுங்க: காலை மாலை எவ்வளவு தீனி, என்ன மருந்து, எது ஒத்துக்காது, டாக்டர் நம்பர், லாடம் அடிக்கறவர் நம்பர், எவ்வளவு செலவு வரைக்கும் உங்களைக் கேட்காம பண்ணலாம், எந்தப் பின்னங்கால் தொட்டா உதைக்கும்.